ரட்லண்ட்: 1974ல் போய் 1997ல் திரும்பிய கவுன்டியில் உண்மையில் என்ன மாறியது?

கேள்வி இது: இங்கிலாந்தின் பழைய கவுன்டிகளிலேயே (நம் ஊர் மாவட்டம் போன்ற நிலப்பிரிவுகள்) மிகச் சிறியதான ரட்லண்ட் 1974ல் ஒழிக்கப்பட்டது, 1997ல் மறுபடி வந்தது என்று படிக்கிறோம். ஊரும் வயலும் இருந்த இடத்திலேயே இருக்கும்போது ஒரு கவுன்டி எப்படி ஒழியும்? திரும்பி வந்தால் என்ன திரும்பி வரும்? அங்கே குடியிருப்பவர்களுக்கு இதனால் என்ன வித்தியாசம்?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒழிந்தது நிர்வாக அதிகாரம். பள்ளிக்கூடம், சாலை, முதியோர் பராமரிப்பு போன்ற பெரிய விஷயங்களை முடிவு செய்யும் இடம் ரட்லண்டின் முக்கிய ஊரான ஓக்கமிலிருந்து பக்கத்து லெஸ்டர்ஷயர் கவுன்டியின் தலைநகரான லெஸ்டருக்குப் போனது, பிறகு திரும்பியது. இதில் கவனிக்க வேண்டியது, ரட்லண்டின் எல்லை இந்த அறுபது வருடத்தில் பெரிதாக மாறவில்லை என்பதுதான். மாறிக்கொண்டே இருந்தது, "ஒரு கவுன்சில் எப்படி இருக்க வேண்டும்" என்று லண்டனில் வைத்திருந்த அளவுகோல். ஒரு காலத்தில் மக்கள்தொகை, அப்புறம் ஊர்க்காரர்களின் அடையாள உணர்வு, இப்போது மறுபடி மக்கள்தொகை. ஒவ்வொரு முறை அளவுகோல் மாறும்போதும் ரட்லண்டின் தலையெழுத்தும் மாறியிருக்கிறது.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். மொத்தப் பரப்பு சுமார் 382 சதுர கிலோமீட்டர். ஊர் என்று சொல்லும்படி இரண்டே இரண்டு, ஓக்கமும் அப்பிங்கமும். மீதியெல்லாம் கிராமங்கள், ஆட்டு மேய்ச்சல், கோதுமை வயல், மஞ்சள் நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 41,049. 1971ல் 27,000 சொச்சம்தான் இருந்தது.

இவ்வளவு சின்ன இடம் ஏன் தனிக் கவுன்டி ஆனது? இந்தப் பகுதியை அரசர்கள் தங்கள் ராணிகளுக்குச் சீதனமாக ஒதுக்கி வைக்கும் வழக்கம் 1066ஆம் ஆண்டின் நார்மன் படையெடுப்புக்கு முன்பே இருந்தது. எட்வர்ட் அரசரின் மனைவி ஈடித்துக்கு இங்கே நிலம் இருந்தது, ஈடித் வெஸ்டன் என்ற கிராமம் இன்றும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1204ல் ஜான் அரசர் தன் ராணி இசபெல்லாவுக்கு ரட்லண்டைக் கொடுத்தார். பக்கத்து நிலங்களோடு சேர்க்காமல் தனியாக வைத்திருந்த ஒரு சொத்து, பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே தனிக் கவுன்டியாகக் கணக்கில் வரத் தொடங்கிவிட்டது. ஓக்கம் கோட்டையின் பெரிய கூடத்துக்குள் போனால் சுவர் முழுக்க இருநூறுக்கும் மேற்பட்ட குதிரை லாடங்கள் தொங்குகின்றன. அரச குடும்பத்தினரோ பிரபுக்களோ முதல் தடவை ஊருக்குள் வந்தால் ஒரு லாடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது வழக்கம். மற்ற இடங்களில் அதிர்ஷ்டம் வழிந்துவிடக் கூடாதென்று லாடத்தின் வாய் மேலே பார்க்கும்படி மாட்டுவார்கள், இங்கே கீழே பார்க்கும்படி மாட்டுகிறார்கள். அந்தக் கூடம் 1180களை ஒட்டிக் கட்டப்பட்டது. தனி ஊர் என்ற உணர்வு எவ்வளவு பழையது என்று காட்டத்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, சீர்திருத்தங்களுக்கு வருவோம். 1888ஆம் ஆண்டின் சட்டம் கவுன்டிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில் கொடுத்தது. அதுவரை நிலப்பிரபுக்களும் மாஜிஸ்திரேட்டுகளும் கூடி முடிவெடுத்த விஷயங்கள் 1889ல் ரட்லண்ட் கவுன்டி கவுன்சிலுக்கு வந்தன. 1894 சட்டம் அதற்குக் கீழே கிராமப்புற மாவட்டங்களையும், கிராம அளவிலான பாரிஷ் கவுன்சில்களையும் அமைத்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ரட்லண்டுக்குள் ஒரு கவுன்டி கவுன்சில், அதன் கீழ் ஓக்கம் நகரம், ஓக்கம் கிராமப்பகுதி, அப்பிங்கம், கெட்டன் என்று நான்கு மாவட்டக் கவுன்சில்கள், அதற்கும் கீழே பாரிஷ்கள் என்று மூன்று அடுக்கு இருந்தது. முப்பதாயிரம் பேர்கூட இல்லாத இடத்துக்கு இது அதிகம் என்று யாருக்கும் தோன்றும். மறுக்க முடியாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கவுன்சில்களின் வேலை வேறு மாதிரி ஆகிவிட்டது. இடைநிலைக் கல்வி, குழந்தைகள் நலம், முதியோர் இல்லம், நகரத் திட்டமிடல் எல்லாம் கவுன்டியின் தலையில் விழுந்தன. இதற்கெல்லாம் நிபுணர்கள் வேண்டும், நிபுணர்களுக்குச் சம்பளம் வேண்டும், சம்பளத்துக்கு வரி கட்ட ஆள் வேண்டும். 1958 சட்டத்தின்படி அமைந்த கமிஷன், ரட்லண்டை லெஸ்டர்ஷயரோடு சேர்த்துவிடலாம் என்று பரிந்துரைத்தது. ஊர் கொதித்தது. கூட்டங்கள், மனுக்கள், விசாரணை என்று இழுபட்டு, 1963ல் அப்போதைய அமைச்சர் கீத் ஜோசப் ரட்லண்ட் தனியாகவே இருக்கட்டும் என்று அறிவித்தார். பக்கத்தில் இருந்த ஹன்டிங்டன்ஷயருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1965ல் அதைப் பீட்டர்பரோவோடு இணைத்து ஒரே கவுன்டி ஆக்கினார்கள்.

ஆனால் அது தற்காலிகப் பிழைப்புதான். உள்ளாட்சி அமைப்பு பற்றி 1969ல் வந்த ரெட்கிளிஃப்-மாட் அறிக்கை, ஒரு கவுன்சில் திறமையாக நடக்க இரண்டரை லட்சம் முதல் பத்து லட்சம் பேர் வரை வேண்டும் என்றது. 1970ல் ஆட்சி மாறியது. புதிய கன்சர்வேடிவ் அரசு அந்த வரைபடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மேலே கவுன்டி, கீழே மாவட்டம் என்ற இரண்டடுக்கு முறையைக் கொண்டுவந்தாலும், மேலடுக்குக் கவுன்டிக்கு இரண்டரை லட்சம் பேர் என்ற எண்ணத்தை விடவில்லை. ரட்லண்டின் 27,000 அதில் பத்தில் ஒரு பங்கு சொச்சம். 1972 சட்டம் நிறைவேறியது. 1974 ஏப்ரல் 1 அன்று ரட்லண்ட் கவுன்டி கவுன்சில் முடிவுக்கு வந்தது. அதே நாளில்தான் வெஸ்ட்மோர்லண்ட், கம்பர்லண்ட், ஹெரிஃபோர்ட்ஷயர் ஆகியவற்றின் கவுன்டி கவுன்சில்களும் போயின.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. என் பார்வையில் ரட்லண்டின் மொத்தக் கதையும் அதில்தான் தொங்குகிறது. கீழடுக்கு மாவட்டத்துக்கும் ஒரு குறைந்தபட்ச அளவு வைத்திருந்தார்கள், 40,000 பேர். ரட்லண்ட் அதற்கும் எட்டவில்லை. அதனால் முதல் வரைவில் அதைப் பக்கத்து மெல்டன் பகுதியோடு சேர்த்து ஒரே மாவட்டமாக்கப் பார்த்தார்கள். கடைசியில் விதிவிலக்கு கொடுத்து, பழைய எல்லையோடு, ரட்லண்ட் என்ற பெயரோடு, லெஸ்டர்ஷயருக்குள் ஒரு தனி மாவட்டமாக விட்டுவிட்டார்கள். நான்கு மாவட்டக் கவுன்சில்களும் போய் ஒன்றே ஒன்று வந்தது. அதிகாரம் கைவிட்டுப் போனாலும் எல்லைக்கோடு உடையவில்லை.

இதன் அருமை வெஸ்ட்மோர்லண்டைப் பார்த்தால் தெரியும். அதைக் கம்ப்ரியா என்ற புதிய கவுன்டிக்குள் கொண்டுபோனதோடு நிற்கவில்லை, இரண்டாக வெட்டினார்கள். வடபாதி பென்ரித்தோடு சேர்ந்து ஈடன் மாவட்டமானது. கெண்டல் இருக்கும் தென்பாதி பழைய லங்காஷயர், யார்க்ஷயர் துண்டுகளோடு சேர்ந்து சவுத் லேக்லண்ட் ஆனது. பிற்காலத்தில் வெஸ்ட்மோர்லண்டைத் திருப்பிக் கொடு என்று கேட்க நினைத்தாலும், கையில் பிடித்துக் காட்ட ஓர் அமைப்பு இல்லை. 2023ல் வெஸ்ட்மோர்லண்ட் அண்ட் ஃபர்னஸ் என்ற பெயரில் ஒரு கவுன்சில் வந்தது உண்மை, ஆனால் அதன் எல்லை பழைய வெஸ்ட்மோர்லண்டின் எல்லை இல்லை.

1974க்குப் பிறகு ஒரு ரட்லண்ட்காரரின் தினசரி வாழ்க்கையில் என்ன ஆனது? கிழக்கு ஓரத்தில் ஸ்டாம்ஃபர்ட் பக்கம் இருக்கும் ரைஹால் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டுக் குப்பையை யார் எடுப்பது, பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டலாமா, கவுன்சில் வீடு யாருக்கு என்பதெல்லாம் ஓக்கமில் முடிவாகும். பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறது, பள்ளிப் பேருந்து வருமா, ரோட்டில் உள்ள குழியை எப்போது அடைப்பார்கள், நூலகம் எத்தனை நாள் திறந்திருக்கும், வயதான தாய்க்கு வீட்டுக்கு வந்து உதவ ஆள் கிடைக்குமா என்பதெல்லாம் லெஸ்டரின் மேற்குப் பக்கம் கிளென்ஃபீல்டில் இருக்கும் கவுன்டி ஹாலில் முடிவாகும். ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். தூரத்தைவிடப் பெரிய பிரச்சினை எண்ணிக்கை. எட்டு லட்சத்துக்கும் மேல் மக்கள் உள்ள லெஸ்டர்ஷயரில் ரட்லண்டின் பங்கு நூற்றுக்கு மூன்று, நான்கு பேர்தான். கவுன்டி கவுன்சிலில் அவர்கள் சார்பில் உட்கார்ந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஒரு பெரிய நகரத்தின் நெருக்கடிகளோடு போட்டி போட்டு, ஒரு கிராமத்துச் சின்னப் பள்ளியை மூடாதீர்கள் என்று வாதாட வேண்டியிருந்தது.

லெஸ்டர்ஷயர் மோசமாக நடத்தியது என்று சொல்ல மாட்டேன். பெரிய கவுன்டியில் இருந்ததால் சிறப்புக் கல்வி, ஆவணக்காப்பகம் போன்றவற்றில் ரட்லண்டுக்கு லாபமும் உண்டு. ஆனால் நல்ல சேவை கிடைப்பது ஒன்று, அதைப் பற்றிக் கேள்வி கேட்கும் இடம் பக்கத்தில் இருப்பது இன்னொன்று. ஊர்க்காரர்கள் இழந்ததாக உணர்ந்தது இரண்டாவதை.

இதே வருடங்களில்தான் கவுன்டியின் நிலமே வேறு முகம் எடுத்தது. குவாஷ் ஆற்றின் பள்ளத்தாக்கில் எம்பிங்கம் அருகே அணை கட்ட 1970ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. பீட்டர்பரோ, நார்தாம்ப்டன், மில்டன் கீன்ஸ் என்று வேகமாக வளர்ந்துகொண்டிருந்த ஊர்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக. நெதர் ஹாம்பிள்டன் கிராமம் முழுசாகவும், மிடில் ஹாம்பிள்டன் பெரும்பகுதியும் தண்ணீருக்குள் போயின. மேட்டில் இருந்த அப்பர் ஹாம்பிள்டன் மட்டும் இன்று ஒரு தீபகற்பத்தின் மேல் நிற்கிறது. நார்மன்டன் தேவாலயத்தையும் இடித்துவிடத்தான் இருந்தார்கள். மக்கள் விடவில்லை. ஜன்னல் பாதி உயரம் வரை உள்ளே கல்லும் கான்கிரீட்டும் கொட்டித் தரையை உயர்த்தி, வெளியே கரை கட்டிக் காப்பாற்றினார்கள். இப்போது பார்த்தால் அந்தக் கட்டடம் இடுப்பளவு தண்ணீரில் நிற்பது போல இருக்கும். கீழ்ப்பாதி மண்ணுக்குள், மேல்பாதி வெளியே.

நீர்த்தேக்கத்தின் பரப்பு சுமார் 1,260 ஹெக்டேர், கவுன்டி நிலத்தில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல். பரப்பளவில் இங்கிலாந்திலேயே பெரிய நீர்த்தேக்கம். முதலில் எம்பிங்கம் நீர்த்தேக்கம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கவுன்டியின் பெயர் நிர்வாகப் படத்திலிருந்து மறையும் நேரத்தில், இதற்கு ரட்லண்ட் வாட்டர் என்று பெயர் வைக்க வேண்டும் என்று ஊரார் கேட்டார்கள், அப்படியே ஆனது. அதன் பிறகு படகோட்டவும், மீன் பிடிக்கவும், பறவை பார்க்கவும் நாடு முழுக்க இருந்து வந்தவர்கள் ரட்லண்ட் என்ற பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். 1996ல் விராலடிப்பான் கழுகுகளை அங்கே கொண்டுவந்து விட்டார்கள், 2001ல் முதல் குஞ்சு பொரித்தது. தனக்குக் கவுன்டி கவுன்சில் இல்லாத காலத்தில் இந்தப் பெயர் முன்னைவிட அதிகம் பேருக்குத் தெரிந்ததாக ஆனது. பெயருக்கு நேர்ந்த நல்லதை ஒப்புக்கொள்ளும்போது, அதற்காக வீடு இழந்த நெதர் ஹாம்பிள்டன்காரர்களையும் மறக்கக் கூடாது.

1990களில் அளவுகோல் மாறியது. 1992 சட்டம், சர் ஜான் பேனம் தலைமையில் அமைந்த புதிய கமிஷனுக்கு இரண்டு விஷயங்களைப் பார்க்கச் சொன்னது. ஒன்று, நிர்வாகம் திறமையாகவும் வசதியாகவும் நடக்க வேண்டும். இன்னொன்று, உள்ளூர்ச் சமூகங்களின் அடையாளமும் நலனும் அமைப்பில் பிரதிபலிக்க வேண்டும். இரண்டாவது வாசகம் ரட்லண்டுக்கு வாசலைத் திறந்தது. ஓர் ஊருக்கு அடையாளம் இருக்கிறதா என்று கேட்டால், எண்ணூறு வருடம் பழைய எல்லைக்குள் வாழ்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ரொம்ப நேரம் ஆகாது. 1974ல் உடையாமல் விட்ட அந்த மாவட்டம் அப்படியே கையில் இருந்தது. புதிதாகக் கோடு போட வேண்டியதில்லை, அதிகாரத்தை மட்டும் மாற்றினால் போதும்.

1997 ஏப்ரல் 1 அன்று ரட்லண்ட் ஒற்றை அடுக்குக் கவுன்சிலாக ஆனது. லெஸ்டர் நகரமும் அதே நாளில் லெஸ்டர்ஷயரிலிருந்து பிரிந்தது. கவுன்டியின் வேலை, மாவட்டத்தின் வேலை இரண்டும் ஒரே கவுன்சிலுக்கு. அப்போதைய ராணியின் பிரதிநிதியான லார்ட் லெப்டினன்ட், இன்னொரு சம்பிரதாயப் பதவியான ஹை ஷெரீப் ஆகியவையும் தனியாகத் திரும்பி வந்தன. இருந்த மாவட்டக் கவுன்சிலுக்கே கவுன்டி அதிகாரத்தையும் கொடுத்ததால், அதன் சட்டபூர்வமான பெயர் ரட்லண்ட் கவுன்டி கவுன்சில் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் என்று அமைந்தது. தபால் முகவரிக்கு மட்டும் இன்னும் பத்து வருடம் பிடித்தது. கவுன்சில் விடாமல் கேட்ட பிறகு, 2007ல்தான் ராயல் மெயில் முகவரிப் பட்டியலில் ரட்லண்டைச் சேர்க்க ஒப்புக்கொண்டது.

ஆனால் 1974க்கு முந்தைய ரட்லண்ட் அப்படியே திரும்பிவிட்டது என்று நினைத்தால் அது சரியில்லை. போலீஸ் லெஸ்டர்ஷயர் போலீஸ்தான். தீயணைப்பும் லெஸ்டர், லெஸ்டர்ஷயர், ரட்லண்ட் மூன்றுக்கும் பொது. பழைய ஆவணங்கள் லெஸ்டருக்குப் பக்கத்தில் விக்ஸ்டனில் உள்ள பொதுக் காப்பகத்தில் இருக்கின்றன. ஓக்கமில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. பெரிய அவசரம் என்றால் லெஸ்டர், பீட்டர்பரோ, கெட்டரிங் என்று வெளியேதான் போக வேண்டும். பள்ளிகளை எடுத்துக்கொண்டால், 1997ல் அவ்வளவு போராடி வாங்கிய கல்வி அதிகாரத்தில் பெரும்பங்கு பிறகு வேறு வழியில் கரைந்துவிட்டது. அரசு மேல்நிலைப் பள்ளிகளான கேட்மோஸ், அப்பிங்கம், கேஸ்டர்டன் மூன்றும் இன்று அகாடமிகள், அவற்றின் நிதி நேரே மத்திய அரசிடமிருந்து வருகிறது.

பணம்தான் இதில் கடினமான பகுதி. நாற்பதாயிரம் பேருக்கு ஒரு முழுக் கவுன்சில் நடத்த வேண்டும் என்றால், குழந்தைகள் நலத்துக்கு ஒரு தலைமை அதிகாரி, முதியோர் பராமரிப்புக்கு ஒரு துறை, சாலைக்கு ஒரு துறை என்று எல்லாமே வேண்டும். நாலு லட்சம் பேருக்கு இருந்தாலும் இதே பதவிகள்தான். மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர். அரசு மானியம் குறைவு, அதனால் செலவில் பெரும்பங்கு வீடுகளுக்குப் போடும் கவுன்சில் வரியிலிருந்தே வருகிறது. இங்கிலாந்தில் மிக அதிகக் கவுன்சில் வரி கட்டும் பகுதிகளில் ரட்லண்ட் வருடா வருடம் முன்வரிசையில் நிற்பதற்கு இதுதான் காரணம். கடுமையான தேவை உள்ள இரண்டு மூன்று குழந்தைகளுக்கு வெளியூரில் சிறப்புப் பராமரிப்பு ஏற்பாடு செய்ய வேண்டி வந்தாலே வருடத்தின் பட்ஜெட் ஆட்டம் காணும். பெரிய கவுன்சில் என்றால் இந்த அதிர்ச்சி தெரியாமல் பரவிவிடும்.

தனியாக முடிவெடுக்கும் உரிமையின் எடை என்ன என்பதற்கு 2021ல் நடந்த ஒன்றைப் பார்க்கலாம். நார்த் லஃபன்ஹமில் செயின்ட் ஜார்ஜஸ் ராணுவக் குடியிருப்பு இருக்கும் பெரிய நிலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டி ஒரு புது ஊரே உருவாக்கும் திட்டம். அதற்கான சாலை, பிற வசதிகளுக்கு மத்திய அரசு சுமார் 2.9 கோடி பவுண்டு தரத் தயாராக இருந்தது. கவுன்சிலின் உறுப்பினர்கள் மொத்தம் 27 பேர். அவர்கள் மார்ச் மாதம் கூடி அந்தப் பணம் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். கவுன்டியின் முழு வளர்ச்சித் திட்டமும் அந்த நிலத்தை நம்பியே எழுதப்பட்டிருந்ததால், செப்டம்பரில் அந்தத் திட்டத்தையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. புதுத் திட்டம் வரும் வரை, எங்கே வீடு கட்டலாம் என்பதில் கட்டுமான நிறுவனங்களின் கை ஓங்கியது. அவர்கள் வேண்டாம் என்றது சரியா தவறா என்று ஊரே இரண்டாகப் பேசியது. ஆனால் முடிவெடுத்தவர்கள் மறுநாள் காலை ஓக்கம் சந்தையில் வாக்காளர்களின் முகத்தைப் பார்த்தாக வேண்டியவர்கள். கிளென்ஃபீல்டில் எடுத்த முடிவாக இருந்தால் அது நடக்காது. சின்னக் கவுன்சிலுக்கு ஆதரவாக எனக்குத் தெரிந்த மிக வலுவான வாதம் இதுதான். அதற்கு எதிரான வலுவான வாதமும் இதே சம்பவத்தில் இருக்கிறது, ஒரே வாக்கெடுப்பில் பல வருட வேலை கலைந்துபோனது.

இப்போது அளவுகோல் மறுபடி மாறிவிட்டது. 2024 டிசம்பரில் வந்த அரசின் வெள்ளை அறிக்கை, ஒற்றை அடுக்குக் கவுன்சில்களுக்குப் பொதுவாக ஐந்து லட்சம் மக்கள் இருக்க வேண்டும் என்கிறது. ரட்லண்டில் அதில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. 2025 பிப்ரவரியில் லெஸ்டர், லெஸ்டர்ஷயர், ரட்லண்ட் பகுதிக் கவுன்சில்களிடம் மறுசீரமைப்புத் திட்டம் கேட்டார்கள். மாவட்டக் கவுன்சில்களோடு ரட்லண்டும் சேர்ந்து அப்போது முன்வைத்த யோசனை, லெஸ்டர் நகரம் தனியாக, வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று மொத்தம் மூன்று கவுன்சில்கள். அதில் ரட்லண்ட், சார்ன்வுட், மெல்டன், வடமேற்கு லெஸ்டர்ஷயர் ஆகியவற்றோடு வடக்குக் கவுன்சிலில் சேரும். 1972ல் கடைசி நேரத்தில் தவிர்த்த மெல்டன் இணைப்பு, அரை நூற்றாண்டு கழித்து இன்னும் பெரிய அளவில் மேசைக்கு வந்திருக்கிறது.

இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. கவுன்சில் இணைந்தால் ரட்லண்ட் என்ற கவுன்டியே போய்விடும் என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி ஆக வேண்டியதில்லை. லார்ட் லெப்டினன்ட் பதவிக்கான கவுன்டிகள் 1997ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தில் தனியாக வரையறுக்கப்பட்டிருக்கின்றன. கவுன்சில் எல்லை மாறினாலும் அந்தக் கவுன்டியை அப்படியே விட்டுவைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. 1974லேயேகூட, புதிய எல்லைகள் நிர்வாகத்துக்கு மட்டும்தான், பழைய கவுன்டிகளின் எல்லையையோ மக்களின் பற்றையோ மாற்றும் நோக்கம் இல்லை என்று அரசுத் தரப்பில் சொல்லியிருந்தார்கள்.

ரட்லண்டில் யாராவது என்னிடம் எதற்காகக் குரல் கொடுக்கலாம் என்று கேட்டால், பெயருக்காக முதலில் போராடாதீர்கள் என்பேன், அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். புதிய கவுன்சிலுக்குள் பழைய எல்லை முழுசாக ஒரு பகுதியாக இருக்கிறதா, அந்த எல்லைக்குள் வரும் உறுப்பினர்கள் மட்டும் கூடித் திட்டமிடல், சாலை விஷயங்களில் முடிவெடுக்க ஒரு குழு இருக்கிறதா, தேர்தல் வார்டுகள் எல்லையைத் தாண்டிப் போகாமல் வரையப்படுகின்றனவா என்று பாருங்கள். வார்டு வரைபடம் வெளியாகும்போது பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை, கருத்துச் சொல்லச் சில வாரங்கள்தான் கொடுப்பார்கள். பாரிஷ் கவுன்சில்கள் அந்தச் சில வாரங்களுக்கு இப்போதே தயாராக இருப்பது நல்லது.